அயலார்க்கு விளங்கப் பேசுதல்

நாம் சொன்னதை ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதனாலேயே நம் கருத்து அவரைச் சென்று சேர்ந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. ஒரே ஊரில் பிறந்தாரிடையேயும் இஃது உண்மை. வேறு மொழியும் வேறு வழக்கமும் உடையாரிடம் பேசும்பொழுது இதனை ஒருகணமும் மறத்தலாகாது.

நான் வாழும் சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து கேரளத்துக்கும் மலர்கள் செல்கின்றன. தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள் ஆதலின், இவ்விரண்டிடையே மயக்கமே எழாது என எண்ணுவோம். உண்மையோ வேறு. 'அவசரம்' என்பது நமக்கு விரைவு, மலையாளத்தார்க்கு வாய்ப்பு, தெலுங்கர்க்குத் தேவை. 'சம்சாரம்' என்று நம்மவர் மனைவியைக் குறிப்பர். மலையாளத்திலோ அதற்குப் பேச்சு என்பது பொருள். அறியாத சொல்லைக் கேட்டால், "இதற்கு என்ன பொருள்?" என வினவுவோம். அறிந்த சொல்லைப்போல ஒலிப்பதை வினவுவதில்லை. இடர் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லுக்கு மட்டுமன்று, குறிப்புக்கும் இது பொருந்தும். நாம் இசைவு தெரிவிக்கத் தலையை இருபுறமும் அசைக்கிறோம். மேலைநாட்டார் அதனை மறுப்பெனக் கொள்வதுண்டு. விருந்தினர் "போதும்" என்ற பின்னரும் பரிமாறுவது நமக்கு அன்பு. வழக்கம் அறியாதவர்க்கு வற்புறுத்தல். விடைபெறுவோர் "போய் வருகிறேன்" என்றால், அன்று மாலையே திரும்பி வருவார் என்று அயலார் காத்திருத்தலும் கூடும்.

இத்தகைய இடர்களைக் கடந்து தமிழரோடு பேசியவர்களுள் வீரமாமுனிவர் சிறந்தவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், கோவிற்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். தமிழில் ஏட்டு வழக்கு வேறு, வீட்டு வழக்கு வேறு என்பதைத் தெளிந்து, செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் இலத்தீன் மொழியில் எழுதினார். ஏட்டுத் தமிழை மட்டும் கற்றுவந்த அயலார், உழவர் பேச்சை விளங்கிக்கொள்ள மாட்டார் அல்லரோ? 1732-இல் சதுரகராதியையும் தொகுத்தார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் படிப்பார்க்கு மயங்காதவாறு எழுத்தைத் திருத்திய பெருமையும் அவருக்கு உரைக்கப்படுகிறது. பிறர் தம் மொழிக்கு வரட்டும் என்று காத்திராமல், தாமே பிறர் மொழிக்குச் சென்றார்.

இன்று ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் தமிழ்நாட்டுக்கு வந்து உழைக்கின்றனர். அவருள் ஒருவர் மருந்துக்கடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது உணவுக்கு முன், அது உணவுக்குப் பின். புரிந்ததா?" என்று கேட்டால், அவர் நாணத்தால் தலையசைத்துவிடுவார். குரலை உயர்த்துவதாலும் பயனில்லை. அவருக்குக் குறை செவியிலன்று. "எதை எப்பொழுது உண்பீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்பதே முறை. சிறு வாக்கியங்களாகப் பேசுக. பழமொழியையும் சிலேடையையும் விலக்குக. நாளையும் நேரத்தையும் தொகையையும் எண்ணால் எழுதிக் காட்டுக. அவர் மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்றுக்கொள்க.

நாளை நீங்களும் படிப்புக்காகவோ பணிக்காகவோ வேற்றூர் சென்று, இவ்வாறே ஒரு கடை முன் நிற்கக்கூடும். அங்கே எத்தகைய பொறுமையை எதிர்பார்ப்பீர்களோ, அதனையே இங்கு வந்தோர்க்கு அளியுங்கள்.

எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் திருவுருவில் ஒரு பாதி சிவன். மறு பாதி திருமால். ஒன்றாய் நின்றும் இரு பாதிகளும் தத்தம் அடையாளத்தை இழக்கவில்லை. மக்கள் கூடி வாழ்வதற்கும் அதுவே நெறி.