ஆற்றங்கரை போர்டு

சர்வர் அறை – 9

காசி தியேட்டர் பக்கமிருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஈக்காட்டுத்தாங்கல். மேலே மெட்ரோ, கீழே நூறடி சாலை. உள்தெருக்களில் லேத் பட்டறைகள், சிஎன்சி கூடங்கள், அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், மாடியில் மென்பொருள் கம்பெனிகள். 1958இல் வந்த கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. இப்படிப்பட்ட சிறு நிறுவனங்களில் மாடிப்படிக்கு அடியிலோ, மீட்டிங் அறையின் மூலையிலோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு, வரைபடங்கள், பத்து வருடத்து ஆர்டர்கள் எல்லாம் அதற்குள்தான்.

போன வாரம் ஹார்ட் டிஸ்க்குகளைப் பார்த்தோம். இந்த வாரம், அந்த டிஸ்க், பிராசஸர், மெமரி எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் மதர்போர்டு, சுருக்கமாகப் போர்டு. சர்வர் வேகம் போதவில்லை என்றதும் பலரும் பிராசஸர் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எந்த பிராசஸர் ஏறும், எவ்வளவு மெமரி ஏறும், இன்னும் எத்தனை வருடம் வண்டி ஓடும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது போர்டு. அந்த போர்டு எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பதை, நம் ஊரில் பெரும்பாலும் முடிவுசெய்வது அது இருக்கும் இடம்.

2015 டிசம்பர் 1 இரவை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீர், கீழே பெய்த மழையோடு சேர்ந்து அடையாற்றின் இரு கரையையும் மூழ்கடித்தது. தரைத்தளத்தில் இருந்த இயந்திரங்களோடு கணினிகளும் தண்ணீருக்குள் போயின. ஒன்று சொல்ல வேண்டும்: தண்ணீர் பட்டதாலேயே போர்டு சாவதில்லை. மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் பட்டால்தான் சாகிறது. சர்வரை ஷட்டவுன் செய்தாலும், வயர் சொருகியிருக்கும் வரை, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு சிறு மின்னழுத்தம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தொலைவிலிருந்து சர்வரைக் கண்காணிக்கும் பிஎம்சி என்ற சிறு சிப் அதில்தான் விழித்திருக்கிறது. தெருவில் கரண்ட் போன பிறகும் யூபிஎஸ் அதைக் கொடுக்கிறது. அந்த நிலையில் அழுக்குத் தண்ணீர் ஏறினால் மின்பகுப்பு நடந்து, செம்புப் பாதைகள் மணிக்கணக்கில் அரித்துப்போகும். வயரைப் பிடுங்கி வைத்த போர்டு நனைந்தால், நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சாக்கெட்டுக்கும் சிப்புகளுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் ஈரம்வரை பொறுமையாக உலரவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மழை எச்சரிக்கை வந்தால் ஷட்டவுன் செய்து, வயரைப் பிடுங்கி, முடிந்தால் மாடிக்குத் தூக்கிவிடுங்கள்.

வெள்ளம் எப்போதோ வருகிறது. காற்று தினமும் வருகிறது. கழிவுநீர் கலந்த ஆற்றிலிருந்து எழும் அந்த நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அது செம்பையும் வெள்ளியையும் கருக்கிவிடும். ஐரோப்பாவில் 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை வந்தபின் உலகம் முழுக்க போர்டு தயாரிப்பு மாறியது. சில போர்டுகளின் செம்புத் தடங்கள்மீது மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்றுள்ள ஊர்களில் அந்தப் பூச்சின் ஓரத்திலிருந்து செம்பு சல்ஃபைடு ஊர்ந்து பரவி, பக்கத்துத் தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கியது. கண்ணுக்குத் தெரியாத சிறு ரெசிஸ்டர்களின் வெள்ளி முனைகள் அறுந்தன. அதன் பிறகு சர்வர் அறைக் காற்றுக்கே அளவுகோல் வைத்தார்கள். செம்புத் தகடு ஒன்றை அறையில் ஒரு மாதம் தொங்கவிட்டால் அதில் ஏறும் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், வெள்ளித் தகட்டில் 200க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் வழிகாட்டி. ஈரம் கூடினால் அரிப்பு வேகமெடுக்கும்.

இது ஏதோ பெரிய டேட்டா சென்டர்காரர்களின் கவலை என்று விட்டுவிடக் கூடாது. ஆற்றுப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறிக்கடியில் சர்வரை ஓட்டும் அலுவலகத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஏசியின் செம்புக் குழாய் அடிக்கடி ஓட்டையாகிறதா, வீட்டு வெள்ளி விளக்கு சீக்கிரம் கறுக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், உங்கள் சர்வர் போர்டும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஜன்னலை மூடிய சிறு அறை, 18 முதல் 27 டிகிரிக்குள் ஏசி, தரையிலிருந்து உயரமான ரேக். புது போர்டுக்குச் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செய்யுங்கள்.

இனி மேம்படுத்தல். போர்டை மாற்ற வேண்டுமா, அதே போர்டில் பிராசஸரை மட்டும் ஏற்றினால் போதுமா? உங்களிடம் இருப்பது இன்டெல் ஜியான் இ5 மூன்றாம் பதிப்பு, அதாவது 2014இல் வந்தது என்றால், 2016இல் வந்த நான்காம் பதிப்பும் அதே 2011-3 சாக்கெட்டில் உட்காரும். மூன்றாம் பதிப்பில் 18 கோர்தான் உச்சம், நான்காம் பதிப்பில் 22 வரை போகலாம். பழைய மெமரியும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் பிராசஸர் தேடுபவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் வரிசை முக்கியம்: பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, அதன் பிறகே புதியதை மாட்ட வேண்டும். மாறிச் செய்தால் போர்டுக்குப் புதியவரை அடையாளம் தெரியாது, திரை வராது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் பயாஸ் பாதியில் அறுந்துவிடும் என்பதால் யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டு உட்காருங்கள். ஏஎம்டி எபிக் பக்கம் போனால் இன்னொரு எச்சரிக்கை. சில பெரிய கம்பெனி சர்வர்களில் ஒருமுறை ஓடிய எபிக் பிராசஸர், பாதுகாப்புக்காக அந்தக் கம்பெனியின் போர்டுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் மாட்டினால் உயிர் வராது. விலை குறைவு என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

போர்டையே மாற்றுவது என்றால் அது தனியாக வராது. 2023இல் வந்த 4677 சாக்கெட் போர்டுக்கு மெமரி டிடிஆர்5தான். பழைய டிடிஆர்4 மெமரிக் கம்பிகள் (ஸ்டிக்) ஸ்லாட்டுக்குள்ளேயே போகாது. ஹீட்சிங்க் புதிது, எஸ்எம்பிஎஸ்ஸும் புதிதாக வேண்டியிருக்கலாம். கேபினட்டையும் அளந்து பாருங்கள். சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், இரட்டை பிராசஸர் போர்டுகள் 305க்கு 330 வரை போகும். பெரிய பிராண்டுகளின் ரெடிமேட் சர்வர்களில் போர்டின் வடிவமும் மின் இணைப்பும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. அவற்றில் வெளிப் போர்டு பொருந்தாது.

மெமரி விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். டிடிஆர்4 வரையிலான சர்வர் மெமரியில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்பு பிட்டுகள் கூடுதலாக இருக்கும். ஒரு பிட் தவறினால் தானே திருத்தும், இரண்டு தவறினால் தெரியப்படுத்தும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரிக் கம்பிகள் ஏதாவதொரு பிழையைச் சந்தித்தன. திருத்தும் வசதி இல்லாத மெமரியில் அந்தப் பிழை உங்கள் இன்வாய்ஸில் ஒரு இலக்கமாக மாறி உட்கார்ந்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல். அதே போல, 64 ஜிபி வேண்டுமென்றால் ஒரே கம்பியாக வாங்குவதைவிடச் சின்னக் கம்பிகளாகப் பிரித்து, போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில் போடுங்கள். எட்டு மெமரிப் பாதை (சேனல்) உள்ள போர்டில் ஒரே பாதையைத் திறந்துவைத்தால் மற்ற ஏழும் சும்மா கிடக்கும்.

மாட்டும் வேலையே சிறிதுதான். கேபினட்டில் போர்டின் துளைக்கு நேராக இல்லாத பித்தளைத் திருகுக்கால் ஒன்று இருந்தாலும் அது போர்டின் அடியில் தொட்டு ஷார்ட் ஆக்கும், எண்ணிப் பார்த்துக் கழற்றுங்கள். இன்டெல் சாக்கெட்டில் ஊசிகள் போர்டு பக்கம் இருக்கின்றன. பிராசஸரைச் சாய்த்து வைத்தால் மயிரிழை ஊசிகள் வளைந்துவிடும். சாக்கெட்டை மூடிவந்த பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட வேண்டாம், வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்கமாட்டார்கள். டிடிஆர்5 போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது மெமரியைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

நாம் பேசும் போர்டுகள் எல்லாம் வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்டவை என்ற நிலை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ருத்ரா என்ற இரட்டை ஜியான் சர்வரை இங்கேயே வடிவமைத்தது. அந்த சர்வர்களால் ஆன மூன்று பரம் ருத்ரா சூப்பர் கணினிகள் 2024 செப்டம்பர் 26 அன்று புனே, டெல்லி, கொல்கத்தாவில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. பின்னர் சென்னை ஐஐடியில் தொடங்கிய பரம் சக்தியும் ருத்ரா சர்வர்களால் ஆனதுதான், அதன் திறன் 3.1 பெட்டாஃபிளாப்ஸ். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். பிராசஸர் இன்டெலுடையதுதான். ஆனால் போர்டின் வடிவமைப்பை இங்குள்ள பொறியாளர்களே செய்யும்போது, நம் தூசுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற மாதிரி பூச்சையும் குளிரூட்டலையும் முடிவு செய்யும் வாய்ப்பு நம் கைக்கு வருகிறது. இந்த வித்தை நம் சிறு நிறுவனங்களின் மேசை வரை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடைசியாக மென்பொருள் பக்கம். போர்டு மாறினால் கணினியே மாறியதாக நினைக்கும் மென்பொருள்கள் உண்டு. டேலி உரிமத்தைப் பழைய போர்டில் இருக்கும்போதே சரண்டர் செய்துவிட்டு, புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய போர்டோடு முடிந்துவிடும், அதற்கான செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். லினக்ஸ் என்றால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி, சர்வர் ஓடியும் யாராலும் உள்ளே போக முடியாமல் போகலாம். மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். பிஎம்சியின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றி, அதை இணையத்தில் திறந்துவிடாமல் உள் நெட்வொர்க்கில் மட்டும் வைத்திருங்கள். பழைய செகண்ட் ஹேண்ட் போர்டுகளில் ஊரறிந்த பாஸ்வேர்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை மாற்றி, இரண்டு இரவு மெமரி டெஸ்ட் ஓடவிட்டு, திங்களன்று ஊழியர்களிடம் ஒப்படைப்பது நல்ல ஏற்பாடு. பழைய போர்டைப் பிராசஸரோடும் மெமரியோடும் சேர்த்து ஆன்டிஸ்டாடிக் பையில் கட்டி, தேதி எழுதி, ஒரு மாதமாவது எடுத்து வையுங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியை மட்டும் கழற்றிவிடுங்கள்.

(தொடரும்)