உள்ளத்துக் காட்சியும் கருவியும்

ஒருவர் தம் உள்ளத்துள் காணும் காட்சியைப் பிறர் கருவிகொண்டு கண்டுவிட இயலுமோ? மாணவர்களே, முகக்குறிப்பால் அகத்தை அறியும் திறத்தை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். குறிப்பறிதல் என்னும் பெயரால் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆயினும் முகக்குறிப்பால் மகிழ்ச்சியும் சினமும் புலப்படுமேயன்றி, ஒருவர் எண்ணுவது யானையையா மாமரத்தையா என்பது புலப்படாது. அதனையும் அறிய முற்பட்டுள்ளனர் இக்கால அறிவியலார்.

கண் வழிச் சென்ற செய்தி, தலையின் பின்புறத்தேயுள்ள மூளைப் பகுதியை அடைகின்றது. அங்குள்ள நரம்பணுக்கள் தம்முள் வேலையைப் பகுத்துக்கொள்கின்றன. நிமிர்ந்த கோட்டைக் கண்டால் ஓரணு கிளர்ந்தெழும். சாய்ந்த கோட்டைக் கண்டால் மற்றோரணு கிளர்ந்தெழும். பூனையின் மூளையை ஆய்ந்து இவ்வுண்மையை 1959-இல் வெளியிட்ட ஹியூபெல், வீசல் என்னும் இருவரும் 1981-இல் நோபெல் பரிசு பெற்றனர். உழைக்கும் மூளைப் பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும். மண்டையைத் திறவாமலே அம்மாற்றத்தைக் காந்தக் கருவியால் அளக்கும் முறை 1990-ஐ அடுத்து வளர்ந்தது.

அமெரிக்க நாட்டுப் பெர்க்லி நகரில் காலண்ட் என்பாரின் குழுவினர் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இருவரைக் கருவியினுள் கிடத்தி 1,750 படங்களைக் காட்டினர். எப்படத்துக்கு மூளை எவ்வாறு இயங்கிற்று என்பதைக் கணிப்பொறி கற்றுக்கொண்டது. பின்னர்ப் புதிய படங்கள் 120 காட்டி, மூளையின் அளவை மட்டும் பொறிக்குக் கொடுத்து, அவற்றுள் எதனை அவர் கண்டார் என வினவினர். ஒருவரிடத்து நூற்றுக்கு 92-உம், மற்றவரிடத்து 72-உம் சரியாயின. குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பின் நூற்றுக்கு ஒன்றும் தேறாது. 2011-இல் அக்குழுவினர், ஒருவர் கண்ட ஓடும் படத்தையே மங்கலாக மீட்டுக் காட்டினர்.

கண்டோர் வியந்தனர். ஆனால் அம்மங்கல் உருவம் மூளையினின்று எடுக்கப்பட்டதன்று. 1 கோடியே 80 இலட்சம் நொடி ஓடக்கூடிய வேறு படத்துணுக்குகளைத் திரட்டி வைத்து, மூளையளவோடு மிகப் பொருந்தியவற்றைக் கலந்து பெற்றதே அது. சலவையாளர் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவதை நீங்கள் கேள்வியுற்றிருக்கலாம். அக்குறி வீட்டின் படமன்று, வீட்டாரின் பெயருமன்று. ஆயினும் பழக்கத்தால், 'இது மேலத்தெருக் கோடிவீட்டு வேட்டி' என்பார் அவர். அடுத்த ஊர்ச் சலவையாளர்க்கோ அது வெறும் புள்ளியே. கணிப்பொறி மூளையைப் படிப்பதும் இத்தகையதே. 2023-இல் ஓசாகா நகர அறிஞர் வெளியிட்ட படங்கள் மிகத் தெளிவானவை. அத்தெளிவில் பெரும்பங்கு, படம் வரையக் கற்ற பொறியினுடையது.

கண்முன் உள்ளதை அறிவதினும் கற்பனையிலும் கனவிலும் தோன்றுவதை அறிவது அரிது. 2013-இல் ஜப்பானிய அறிஞர் மூவரைத் துயிலச் செய்து, பன்முறை எழுப்பி, கனவில் கண்டதை வினவினர். பாவம், அவர்தம் உறக்கம் என்னாயிற்றோ! அத்துணை முயன்றும், கண்ட பொருள் எவ்வகையது என்பதையே பொறி ஓரளவு கூறிற்று.

வாய்பேச இயலாது கிடக்கும் நோயாளர்க்கு இக்கலை வளர்தல் பெருந்துணையாகும். ஆயின், விரும்பாதவர் உள்ளத்திலும் பிறர் புகுந்துவிடுவரோ என்னும் அச்சம் இயல்பே. டெக்ஸாஸ் அறிஞர் இதனையும் சோதித்து 2023-இல் வெளியிட்டனர். ஒவ்வொருவரும் 16 மணி நேரம் கருவியினுள் கிடந்து கதை கேட்ட பின்னரே, அவர் கேட்பதன் கருத்தைப் பொறி ஒருவாறு உரைத்தது. ஒருவரிடம் கற்றது மற்றவரிடத்துப் பயன்படவில்லை. கேட்பவர் தமக்குள்ளே வேறொரு கதை சொல்லிக்கொண்டாலோ, விலங்குகளின் பெயரை அடுக்கினாலோ பொறி தடுமாறிற்று.

கருவிகள் என்றும் இந்நிலையிலேயே நிற்குமென்று கொள்ளுதற்கில்லை. சிலி நாட்டார் 2021-இலேயே தம் அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயலுக்கும் அதினின்று பெறும் செய்திக்கும் சட்டக் காப்பு அளித்துள்ளனர்.