திரட்டி நின்ற பிறகு

இணையத்தில் பல இடங்களில் புதிதாக வெளியாகும் எழுத்துகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது திரட்டி. அது வேலை செய்யும் விதம் மிக எளிது. ஒரு செய்தித்தளமோ வலைப்பதிவோ புதிய கட்டுரை வெளியிடும்போது, அதன் தலைப்பு, வெளியான நேரம், சுட்டி, சுருக்கம் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பிலும் எழுதி வைக்கிறது. செய்தியோடை எனப்படும் இந்தக் கோப்பு ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் வடிவில் இருக்கும். திரட்டி அவ்வப்போது வந்து அதை எட்டிப் பார்க்கும். புதியது இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ‘மாற்றமில்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போய்விடும். வாசகர் தாமே தேர்ந்து சேர்த்த தளங்கள் மட்டும், வெளியான நேர வரிசையில், படித்ததும் படிக்காததும் தனித்தனியே தெரியும்படி திரையில் நிற்கும். எதை முன்னே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று நடுவில் நின்று முடிவு செய்ய யாரும் இல்லை.

ஆர்எஸ்எஸ் 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. தமிழில் அதை முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியது, காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம். யாழ்ப்பாணத்தவரும் கோவைக்காரரும் சிங்கப்பூர்வாசியும் வளைகுடாவில் வேலை பார்ப்பவரும் எழுதியவை அங்கே அடுத்தடுத்த வரிகளில் வந்தன. புதிய இடுகைகள் ஒரு பக்கம் இருக்க, மறுமொழி வந்த இடுகைகளுக்கும் தனி வரிசை இருந்தது. இது மிகப் பெரிய வசதி. பழைய கட்டுரை ஒன்றுக்கு யாராவது பதில் எழுதினால் அது மீண்டும் எல்லோர் கண்ணிலும் படும். விவாதம் நாள்கணக்கில் நீளும். பெயர் தெரியாத ஒருவர் எழுதிய முதல் இடுகைக்கும் சில மணி நேரத்துக்காவது முகப்பில் இடம் கிடைத்தது. தமிழ் வலைப்பதிவுலகம் ஓர் ஊராகக் கூடியது இந்த முகப்பில்தான் என்று சொன்னால் மிகையில்லை. பின்னர் தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் ஆகியவையும் வந்தன.

2005 அக்டோபரில் வெளியான கூகுள் ரீடர் இதையே தனி மனிதருக்குச் செய்து கொடுத்தது. தமிழ்மணம் ஊர்ப் பொதுமேடை என்றால், ரீடர் வாசகரின் சொந்த அலமாரி. அதற்கு இன்னொரு குணமும் இருந்தது: ஓடைகளில் வந்தவற்றைச் சேமித்து வைத்தது. எழுதியவர் தம் வலைப்பதிவை அழித்துவிட்டாலும், பழைய இடுகைகள் பெரும்பாலும் ரீடரில் படிக்கக் கிடைத்தன. 2013 மார்ச் 13 அன்று, பயன்பாடு குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி அதை மூடப்போவதாக கூகுள் அறிவித்தது. மூட வேண்டாம் என்ற இணைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும் முடிவு மாறவில்லை. ஜூலை 1 அன்று ரீடர் நின்றது. பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ள ஜூலை 15 வரை அவகாசம் இருந்தது. அதன் பின் எல்லாம் அழிக்கப்பட்டது. மூடல் அறிவிப்பு வந்த மூன்று வாரத்துக்குள் 30 லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்ததாக ஃபீட்லி என்ற திரட்டி அறிவித்திருந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்த டிக் ரீடர் 2018 மார்ச்சில் மூடப்பட்டது. கட்டுரைகளைச் சேமித்துப் படிக்க உதவிய பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்மணமும் ஓய்ந்துபோனது.

வாசகர்கள் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தார்கள். செய்தி குறைந்துவிடவில்லை, பெருகியது. ஆனால் ஒரு செய்தியை விடாமல் பின்தொடரும் வழி அறுந்தது. இதைக் கள்ளக்குறிச்சியை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, பெருந்துயரம் நிகழும்போதுதான் மாநிலம் முழுவதும் பேசப்படுகிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்தப் பெயர் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கள்ளச்சாராயத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டுவந்த கல்வராயன் மலையின் மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பதைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்களுக்குச் சாலை உண்டா, பேருந்து போகிறதா, மருத்துவ வசதி இருக்கிறதா என்ற கேள்விகள் விசாரணைக்கு வந்தன. சாவுச் செய்தி ஒரே நாளில் எல்லோரையும் எட்டியது. சாலை பற்றிய விசாரணையோ மாதக்கணக்கில், ஒவ்வொரு வாய்தாவிலும் இரண்டு பத்தியாக வந்த செய்தி. பரபரப்பை அளந்து வரிசைப்படுத்தும் அல்காரிதத்தில் அப்படிப்பட்ட செய்தி மேலே வருவது அரிது. திரட்டியில் அது வந்த நாளில், வந்த வரிசையில், படிக்காததாகக் காத்திருக்கும். மலை மக்களுக்கு முதலில் வேண்டியது இந்த மெதுவான செய்திகளைத் தொடரும் வாசகர்கள்தாம்.

இதன் மறுபக்கத்தையும் இதே மாவட்டம் கண்டது. 2022 ஜூலை 17 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியில் வன்முறை நடந்தது. அதற்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியே கூட்டம் சேர்க்கப்பட்டதாகக் காவல்துறை கூறியது. கைமாறி வரும் தகவலை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது பெறுபவருக்குத் தெரியாது. ஓடையில் வரும் ஒவ்வொரு செய்தியிலும் எந்தத் தளம், எந்த நேரம் என்பது ஒட்டிக்கொண்டே வருகிறது. அதனாலேயே அது உண்மையாகிவிடாது. சரிபார்க்க ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கும்.

டவர் சரியாக எடுக்காத மலையூர்களுக்கு ஓடை இன்னொரு விதத்திலும் பொருத்தமானது. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு என்று கணக்கிட்டால், 700 சொல் கட்டுரை ஏறக்குறைய 20 கிலோபைட்டில் அடங்கும். அதே கட்டுரையைச் செய்தித்தளத்தின் பக்கத்தில் திறந்தால் விளம்பரம், படம், காணொளி எல்லாம் சேர்ந்து பல மெகாபைட் ஆகும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் இணைப்பு கிடைக்கும்போது ஓடைகளை இறக்கிக்கொண்டால், உள்ளே சிற்றூரில் இணைப்பே இல்லாமல் படிக்கலாம். ஆனால் ஓடையில் முழுக் கட்டுரையும் தரும் தளங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பல நாளிதழ்கள் தலைப்பும் முதல் வரியும்தான் தருகின்றன.

திரட்டிகள் மூடப்பட்டாலும் ஓடைகள் வற்றவில்லை. பிளாக்கர், வேர்ட்பிரஸ் வலைப்பதிவுகள் இன்றும் தாமாகவே ஓடையை உருவாக்குகின்றன. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. பெரும்பாலான பாட்காஸ்ட்கள் ஆர்எஸ்எஸ்ஸில்தான் ஓடுகின்றன. சேர்த்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பாக இறக்கி, வேறொரு திரட்டியில் ஏற்றச் சில நிமிடங்கள் போதும். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைச் சொந்த வழங்கியில் நிறுவினால், எந்த நிறுவனத்தின் மூடல் அறிவிப்பும் அந்தப் பட்டியலைத் தொடாது. அதற்குக் கொஞ்சம் தொழில்நுட்ப அறிவும் வழங்கிக்கான செலவும் வேண்டும். ஒரு கல்லூரியோ நூலகமோ நிறுவி வைத்தால் பல வாசகர்கள் சேர்ந்து பயன்படுத்தலாம்.