நந்தி தலை தெரியுது

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பான் என்ற நம்பிக்கையில்தான் எங்க மன்னார்குடி பக்கம் குறுவைக்கு நாத்து விடுவோம். 2024-ல் திறக்கவில்லை. அதுக்கு முந்தின வருசம் அக்டோபரிலேயே தண்ணியை நிறுத்தி, சம்பா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்து புலம்புறதைவிட அணையையே பார்த்துட்டு வருவோம்னு பஸ் ஏறினேன்.

120 அடி அணையில் 50 அடிகூட இல்லை. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி போனால், எதிர்க்கரை நாகமரைக்குப் படகு போகிற துறையில் தண்ணி எங்கேயோ கீழே கிடக்குது. வெடித்த சேத்து மேல ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. இன்னொரு பக்கம் பழைய மாதா கோயிலின் கோபுரம். 1925-ல் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தபோது காலி செய்யப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. நீர்மட்டம் 70 அடி வாக்கில் இறங்கினால் நந்தி தலை தெரியும். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும். அது ஒருத்தர் ஊர்க்கோயில் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கோயிலைச் சுத்தி எள்ளு நின்றது. எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "வண்டலுங்க, எரு ஒரு கூடை போடலை" என்றார். (நாலு வயல் தள்ளி களைக்கொல்லி டப்பா கிடந்ததையும் பார்த்தேன். நாளைக்கு ஊரே குடிக்கப்போற தண்ணி நிக்கிற இடம் அது.)

பழைய ஊரைப் பற்றிக் கேட்டேன்.

"நான் எங்கீங்க பாத்தேன்? எங்க ஆயா இருந்தவரைக்கும், தண்ணி வத்துனா கையப் புடிச்சுக் கூட்டியாந்துரும். இதா நம்ம களம், அதா புளியமரம்னு காட்டும். எனக்குச் சேறுதான் தெரியும். இப்ப என் பேரனுக்கு நானும் அதே எடத்தைத்தான் காட்டறேன், புளியமரம்னு."

மரம் எந்தப் பக்கம் என்று கேட்டதும் தயங்காமல் கை நீட்டினார். வெறும் மண்.

"நீங்க எந்தூருங்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அணை ரொம்போணும்னு கும்பிட்டுட்டுப் போவீங்க."

எனக்குப் பதில் வரலை. ரொம்பினால் எங்க நாத்துக்குத் தண்ணி. இந்த எள்ளு உள்ளே போயிடும். அவரே சிரித்துவிட்டு, "கும்பிடுங்க. ஒரு மாசம் பொறுத்து ரொம்பட்டும்னு சேத்துக் கும்பிடுங்க, காய் முத்திரும்" என்றார். கும்பிட்டேன்.

ஜூலையில் கர்நாடகத்தில் கொட்டிய மழைக்கு மளமளவென ஏறியது. 28-ஆம் தேதி திறந்தார்கள், 30-ல் 120 அடி. எங்க வாய்க்காலில் தண்ணி வந்த அன்னிக்கு, பெரியவர் எள்ளை அறுத்திருப்பாரா என்றுதான் முதலில் தோணிச்சு. அவர் போன் நம்பரை வாங்காமல் வந்துவிட்டேன்.