கருச்சிதைவும் கூலி விடுப்பும்
தற்காலிகப் பெண் தொழிலாளர்க்குச் சட்டம் தரும் காப்பு

காலையில் ஏட்டிலே பெயர் விழுந்தால் அன்றைக்குக் கூலி. பெயர் விழாவிட்டால் கூலி இல்லை. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட ஓசை இன்னும் பலர் காதில் நிற்கும். இவ்வாறு நாட்கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ கரு சிதைந்துவிட்டால் அவள் நிலை என்ன? குருதி இழந்து, உடல் தளர்ந்து, உள்ளமும் ஒடிந்து கிடக்கும் அவளுக்கு, படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இழந்த நாள். ஆதலால் மூன்றாம் நாளே மண்வெட்டியைத் தூக்கிக் கொண்டு புறப்படுகிறாள்.

நிரந்தர வேலையில் உள்ளவளுக்குச் சட்டம் ஊதியத்தோடு விடுப்பு அளிக்கிறது. தற்காலிகமாகவோ ஒப்பந்தத்தின் பேரிலோ வேலை செய்பவளுக்கு அவ்வுரிமை உண்டா, இல்லையா? இந்தியாவில் இதனை ஒட்டிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அங்கே கிடைத்த விடையை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். கருச்சிதைவு அரிதாக நேரும் ஒன்றன்று. கருவுற்றதாக அறியப்பட்டவற்றுள் 100க்கு 10 முதல் 15 வரை சிதைந்து போகின்றன என்பது மருத்துவர் கணக்கு. அவற்றுள் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நேர்கின்றன. கருவின் மரபணுத் தொகுப்பில் தொடக்கத்திலேயே நேரும் பிழைதான் பல சிதைவுகளுக்குக் காரணம். ஆகவே, “அவள் கவனமாக இருந்திருக்கலாமே” என்று குறை கூறுவது அறியாமையாகும். குற்றம் செய்யாத ஒருத்தி கூலியையும் இழந்து தண்டனை பெறுவது எவ்வகையில் நியாயம்?

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவின் மகப்பேற்று உதவிச் சட்டம் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கு, அது நேர்ந்த நாளை அடுத்து 6 வாரம் ஊதியத்தோடு விடுப்பு அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கருவுற்ற 26ஆம் வாரம் முடிவதற்குள் நேரும் இழப்பையே அது கருச்சிதைவு எனக் கொண்டது. சிதைவினால் நோய் உண்டாயின் மேலும் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு. அந்த 6 வாரத்தில் அவளை வேலைக்கு அமர்த்துவதே முதலாளிக்கு விலக்கப்பட்டது. இது கருதத்தக்கது. அவளாக வர விரும்பினாலும், செய்தி அறிந்த முதலாளி அவளை வேலை வாங்கலாகாது.

இச்சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் மாறினாலும் கருச்சிதைவுக்குரிய 6 வார விடுப்பு மாறவில்லை.

தற்காலிகத் தொழிலாளர்க்கு இவ்வுரிமை உண்டா என்பதற்குச் சட்டத்தின் சொற்களிலேயே விடை இருந்தது. “பெண்” என்ற சொல்லுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் வரையறுத்தபோது, நேரடியாகவோ வேறொரு முகவர் வாயிலாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவள் என்று கூறிற்று. நிரந்தரமானவள் என்று கூறவில்லை. புதிய சட்டமும் காண்டிராக்டர் வாயிலாக அமர்த்தப்பட்டவரைத் தொழிலாளர் என்ற சொல்லுக்குள் அடக்கியுள்ளது. குறித்த காலத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்டவருக்கும், அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சலுகைகளில் குறைவு இருத்தல் கூடாது என்றும் அது விதிக்கிறது.

தில்லி வழக்கு

சொற்கள் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்கு எழுந்தது. தில்லி மாநகராட்சியில் சாலை போடுதல், பள்ளம் தோண்டுதல் போன்ற கடும் வேலைகளை நாட்கூலிக்குச் செய்து வந்த பெண்கள் மகப்பேற்று விடுப்புக் கேட்டனர். அவர்கள் பெயர் நிரந்தர ஊழியர் பட்டியலில் இல்லை. தற்காலிக வருகை ஏட்டிலேதான் இருந்தது. ஆதலால் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று மாநகராட்சி வாதிட்டது. தொழில் தீர்ப்பாயம் 1996இல் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகராட்சி மேலே சென்றது. 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், அதாவது அனைத்துலக மகளிர் நாளன்று, உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறியது. இச்சட்டத்தின் பயனை நிரந்தர ஊழியர்க்கு மட்டும் ஒதுக்கும் சொல் எதுவும் சட்டத்தில் இல்லை. நாட்கூலிப் பெண்களுக்கும் அது உரியதே என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கில் நேரடியாகக் கேட்கப்பட்டது பிள்ளைப்பேற்று விடுப்பு. எனினும் சட்டமே நாட்கூலிப் பெண்ணுக்கு உரியது என்று ஆனபின், அச்சட்டத்தில் அடங்கிய கருச்சிதைவு விடுப்பை மட்டும் எவ்வாறு மறுக்க இயலும்?

மற்றொரு வழக்கு ஒப்பந்தக் காலத்தைப் பற்றியது. தில்லி மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தின் பேரில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் 2017 ஜூன் 1 முதல் மகப்பேற்று விடுப்புக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11இல் முடிவதாக இருந்தது. ஆகவே 11 நாளுக்கு மட்டுமே உதவி அளிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த நாள் கடந்தாலும் உதவி முழுமையாக அளிக்கப்படல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கருச்சிதைவு விடுப்பின் நடுவே ஒப்பந்தம் முடிந்துவிடும் பெண்ணுக்கும் இத்தீர்ப்பு வலிய துணையாகும்.

6 வாரம் என்றால் எத்தனை நாள்?

இதுவும் எளிய கேள்வியன்று. தமிழகத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் 1967இல் குழந்தை பெற்றார். அவருக்கு உதவித்தொகை கணக்கிட்ட முதலாளி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி இல்லை என்று கூறி, வாரத்துக்கு 6 நாளாகவே கணக்கிட்டார். வழக்குக் கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் சென்றது. வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்த 7 நாளே என்று 1977இல் தீர்ப்பாயிற்று. கருச்சிதைவு விடுப்புக்கும் மகப்பேற்று உதவியின் விகிதத்திலேயே ஊதியம் தருதல் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 400 ரூபாய் பெறும் பெண்ணுக்கு 6 வாரத்துக்குரியது 42 நாள் கூலி. அதாவது 16,800 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்தால் 14,400 ரூபாய்தான் வரும். அந்த 2,400 ரூபாய் ஏழைக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று.

கைக்கு எட்டுவது எப்போது?

உரிமை ஏட்டில் இருப்பது வேறு, கையில் கிடைப்பது வேறு. கருச்சிதைவுக்கு மருத்துவச் சான்று வேண்டும். வீட்டிலேயே படுத்து எழுந்துவிடும் பெண்ணிடம் சான்று இராது. மகப்பேற்று உதவி பெற, முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது 160 நாளாக இருந்தது. குறைத்தது தற்காலிகத் தொழிலாளர்க்குப் பெருநன்மை. ஆனால் காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் ஏடும் மாறினால், அந்த 80 நாளை எவ்வாறு மெய்ப்பிப்பது? கூலிச் சீட்டையும் வருகைச் சீட்டையும் பத்திரப்படுத்துவது இதனாலேயே இன்றியமையாததாகிறது. விடுப்பில் இருக்கையில், அதன் காரணமாக வேலைநீக்கம் செய்வது சட்ட விரோதம் என்பதையும் அவள் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் எட்டாத இடமும் உண்டு. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் இக்காப்புக்கு வெளியே நிற்கின்றனர்.

தீபகற்ப மலேசியாவின் நிலையையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மகப்பேற்று விடுப்பு இப்போது 98 நாள். ஆனால் கருவுற்று 22 வாரமேனும் நிறைந்தபின் நேரும் பேற்றையே அச்சட்டம் மகப்பேறு எனக் கொள்கிறது. அதற்கு முன் கரு சிதைந்தவர் நோய் விடுப்பைத்தான் நாட வேண்டும். இரண்டாண்டு நிறையாத தொழிலாளிக்கு அது ஆண்டுக்கு 14 நாளே. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை தனியே உண்டு. இழப்புக்கென்று தனி விடுப்பு இல்லாத இடத்தில், அதனை நோய் என்று எழுதிக் கொடுத்தே ஓய்வு பெற வேண்டியிருக்கிறது.

இழந்த குருதியை உடல் மீண்டும் ஊற்றெடுக்கச் சில வாரம் ஆகும். நிரந்தரத் தொழிலாளியின் உடலுக்கு ஒரு கணக்கும், நாட்கூலிக்காரியின் உடலுக்கு வேறு கணக்கும் இல்லை. ஆதலின் விடுப்பிலும் இரண்டு கணக்கு இருத்தல் ஆகாது. இதையே சட்டமும் தீர்ப்பும் சொல்லிவிட்டன. தமக்கும் அவ்வுரிமை உண்டு என்பதை அந்த ஏட்டில் பெயர் எழுதப்படும் பெண்கள் அறியச் செய்வது, படித்தவர்களும் தொழிற்சங்கங்களும் செய்ய வேண்டிய கடமையாகும்.