வளிச்சீராக்கியின் பழுதுச் செலவு

1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த அச்சகமொன்றிற் காற்றின் ஈரப்பதன் மாறுந்தோறுங் கடதாசி நீண்டுஞ் சுருங்கியும் நின்றமையால், நிறங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாது போயின. இக்குறையை நீக்கும்பொருட்டு வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பே இக்கால வளிச்சீராக்கியின் தொடக்கம் என்பர். கடதாசியின் நலங்கருதிப் பிறந்த அச்சாதனம் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடுத்தரக் குடும்பத்தாரின் படுக்கையறைகளிலும் இடம்பெற்றுவிட்டது. அதனை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கின்றோம். பழுதுபார்க்கும்போதோ, நேர்ந்தது யாதென்பதையே அறியாது, கேட்ட தொகையைக் கொடுத்து விடுகின்றோம்.

‘காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்’ என்பது பழுதுபார்க்க வருவோர் பலருங் கூறும் முதல் வார்த்தை. மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் விடுவது போன்றதொரு செயலென எண்ணி வீட்டுக்காரருந் தலையசைக்கின்றார். அவ்வெண்ணம் பிழையானது. அறையினுள்ளே சுவரிற் பொருத்திய பெட்டியிற் குழாய்ச் சுருளொன்று உண்டு. அதனுட் குறைந்த அமுக்கத்திற் செல்லும் குளிரூட்டித் திரவம் அறையின் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகின்றது. நெற்றியிற் பூசிய ஓடிக்கொலோன் உலரும்போது குளிர்ச்சி தோன்றுவதும் இதே காரணத்தினாலாம். அவ்வாவியை வெளியேயுள்ள பெட்டியின் அமுக்கி ஈர்த்து நெருக்கி, வெளிக்காற்றினும் வெப்பமுடையதாக்கி, மற்றொரு சுருளினுட் செலுத்துகின்றது. அங்கே தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து, அது மீண்டுந் திரவமாக ஒடுங்கி, நுண்ணிய வழியொன்றினூடாக அமுக்கங் குறைந்து அறைக்குத் திரும்புகின்றது.

மூடிய இச்சுற்றில் வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. பத்தாண்டு சென்றாலும் இட்ட அளவே உள்ளிருத்தல் வேண்டும். குறைந்ததாயின் எங்கோ ஒழுக்கு உண்டென்பது திண்ணம். அதனை அடைக்காது ஆண்டுதோறும் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்துக்கு நீர் மொள்வதை ஒக்கும். இழப்பு வாயுவின் விலையோடு நின்றுவிடுவதுமன்று. திரும்பிவருங் குளிர்ந்த ஆவியே அமுக்கியின் சூட்டையுந் தணிப்பது. ஆதலின் வாயு குறைந்த நிலையில் நெடுநாள் ஓடும் அமுக்கி சூடேறிக் கெடும். சிறு தொகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இயந்திரத்தின் மிக விலையுயர்ந்த உறுப்பையே மாற்றும் வேலையாகிவிடும்.

ஆகவே வீட்டுக்காரர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, ‘ஒழுக்கு எங்கே?’ என்பதாகும். உள்ளும் புறமுமாக இரு பெட்டிகள் அமைந்த வளிச்சீராக்கிகளில், செப்புக் குழாயின் வாயை விரித்துத் திருகாணியால் இறுக்கிய மூட்டுக்களிலேயே அது பெரும்பாலும் காணப்படும். சவர்க்கார நுரையைப் பூசினாற் குமிழி எழுந்து இடத்தைக் காட்டிவிடும். குழாயின் வாயைப் புதிதாக விரித்து மூட்டை மீளப் பொருத்துதல் அதிகச் செலவில்லாத வேலை. மூட்டில் ஒழுக்கு இல்லையாயின், உலர்ந்த நைதரசனை உட்செலுத்தி அமுக்கம் இறங்குகின்றதா எனப் பார்ப்பர். நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசனைப் புகுத்துதல் உயிருக்கே ஆபத்தானது; அமுக்கியின் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

ஒழுக்கை அடைத்தபின் வெற்றிடப் பம்பியால் உள்ளிருக்குங் காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல் வேண்டும். நேரங்கொள்ளும் இவ்வேலையைச் சிலர் தவிர்த்து, சிறிது வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை வெளித்தள்ளியதோடு அமைவர். எஞ்சிய ஈரமோ எண்ணெயோடு கூடி அமிலத்தைத் தோற்றுவித்து அமுக்கியின் மின்சுருளை அரிக்கும். இறுதியாக, எவ்வகை வாயு எவ்வளவு இடவேண்டும் என்பது வெளிப்பெட்டியின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. சிலிண்டரைத் தராசில் வைத்து அவ்வளவை நிறுத்து இடுவதே முறை. பம்பியுந் தராசுங் கொண்டு வருபவர் சற்று அதிகங் கேட்பினுங் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஒரே அறிகுறிக்கு இருவேறு காரணங்கள் இருத்தலும் உண்டு. உட்பெட்டியின் சுருளிலோ குழாயிலோ பனி படிந்திருப்பதைக் கண்டதும் வாயுக் குறைவெனத் தீர்ப்புக் கூறுவோர் பலர். வாயு குறையும்போது சுருளின் அமுக்கம் இறங்கிப் பனி உறைவது உண்மையே. ஆயின் தூசி வடிகட்டி அடைபட்டு அறைக்காற்று சுருளின்மீது போதியவளவு செல்லாவிடினும் அவ்வாறே உறையும். முன்னதற்கு ஆயிரக்கணக்கிற் செலவாகும். பின்னதற்கு ஒரு வாளி நீரும் அரைமணி நேரமும் போதும். எனவே வடிகட்டியைக் கழுவி உலர்த்திப் பொருத்தி, பனி முற்றாக உருகியபின் மீண்டும் இயக்கிப் பார்த்த பின்னரே பிறரை அழைப்பது தக்கது. அறையினுள் நீர் சொட்டுவதும் பெரும்பாலும் கழிநீர்க் குழாயின் அடைப்பினால் நேர்வதே.

வெளிப்பெட்டி உறுமிக்கொண்டு நிற்க, அமுக்கி மட்டும் இயங்காதிருத்தல் பழைய வகை இயந்திரங்களில் அடிக்கடி நேரும். அமுக்கி எரிந்துவிட்டதென அஞ்சவேண்டியதில்லை. அதனைத் தொடக்கிவிடுங் கொள்ளளவி, வேலைக்காரர் ‘கப்பாசிற்றர்’ என்பது, வலுவிழந்திருக்கக் கூடும். அதன் விலை அமுக்கியின் விலையில் மிகச் சிறு பங்கே; அளவுகருவி கொண்டு சில நிமிடங்களிற் சோதித்துவிடலாம். எனினும் கொள்ளளவி மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்குமாதலின், வீட்டுக்காரர் அதிற் கைவைத்தல் ஆகாது. இன்வேட்டர் வகையில் அமுக்கியை ஆள்வது மின்சுற்றுப் பலகையே. மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும், பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரை ஐப்பசி மாதங்களின் இடிமின்னலும் அப்பலகைக்குப் பகை. இடி முழங்கும்போது ஆளியை அணைப்பதோடு நில்லாது இணைப்பையே துண்டித்து வைத்தல் நன்று.

கடற்கரையை அடுத்து வாழ்வோர்க்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக்காற்று வெளிச்சுருளின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கி, குழாய்களையும் அரிக்கும். காலந்தோறும் நன்னீராற் கழுவிவிடுதல் இதற்கு ஓரளவு காப்பாகும். அரித்த சுருளை மாற்றுவதாயின் உறுப்பு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகியதை நாம் மறந்திருக்க இயலாது. உறுப்பின் விலை அவ்வாறு நாணயத்தோடு ஏறியிறங்கும்; கூலியோ உள்ளூரில் அமைவது. எனவே விலைக்கூற்றில் உறுப்பு, வாயு, கூலி என்பவற்றைத் தனித்தனியே எழுதித் தருமாறு கேட்பதும், கழற்றிய உறுப்பைத் திருப்பிப் பெறுவதும் வீட்டுக்காரருக்கு உரிய செயல்களே.

அமுக்கியே கெட்டதாயின், திருத்துவதா புதிதாய் வாங்குவதா என்பதை இயந்திரத்தின் வயதும் அதிலுள்ள வாயுவும் தீர்மானிக்கும். ஆர்–22 என்னும் பழைய வாயு ஓசோன் படையைச் சிதைப்பது. 1987 இல் எழுந்த மொன்றியல் உடன்படிக்கையின்படி, இலங்கை போன்ற வளர்முக நாடுகள் 2030 இல் அதன் நுகர்வை ஏறத்தாழ முற்றாகக் கைவிடல் வேண்டும். பழைய இயந்திரங்களைப் பேணுதற்கெனச் சிறிதளவே 2040 வரை விடப்பட்டுள்ளது. அருகிவரும் வாயுவின் விலை ஏறுமேயன்றி இறங்காது. ஆதலின் அத்தகைய இயந்திரத்துக்குப் புதிய அமுக்கி பொருத்துதல் பெரும்பாலும் வீண்செலவேயாம். இந்நிலையில், மலிவெனக் கருதி அதனுட் புரொப்பேன் போன்ற எரிவாயுவை நிரப்புவாரும் உளர். குளிர்ச்சியை அது தரும். ஆயின் அவ்வியந்திரம் எரியும் வாயுவுக்கென அமைக்கப்பட்டதன்று. பின்னொருநாள் அதன் குழாயைப் பற்றவைக்க வருபவர், உள்ளிருப்பது யாதென அறியாமலே தீச்சுடரை ஏந்தி அதன்முன் நிற்பார்.