பேனுக்கு இறக்கை இல்லை!

மாணவச் செல்வங்களே, பக்கத்தில் இருப்பவள் தலையைச் சொறிந்ததும், "ஐயே, பேன் தலை!" என்று தள்ளி உட்காருகிறீர்களே, நியாயமா?

பேன் பறக்காது, தாவாது. கால் நுனிக் கொக்கிகளால் முடியைப் பற்றி ஊர்ந்துதான் போகும். தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் அடுத்தவருக்கு ஏறும். தினம் குளிப்பவர் தலையிலும் ஏறும். அதற்குத் தேவை அழுக்கு அல்ல, ரத்தம்!

பேன் பிடித்தவரைத் தனி பெஞ்சில் உட்கார வைப்பதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. முதல்முறை பேன் ஏறினால், அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் தோழிகளுக்கும் ஏறியிருக்கும். இனிமேல் பிரித்து என்ன பயன்?

பெண் பேன் எள் அளவுதான். ஆனால், நாளொன்றுக்கு 8 ஈர் வரை இடும். பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும் ஈர், தலைக்குக் குளித்தாலும் போகாது. சுமார் 9 நாளில் பொரியும். அதனால் ஒருநாள் வாரினால் போதாது. தலையை நனைத்து, சிக்கெடுத்து, பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வாரி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 3 நாளைக்கு ஒருமுறை, 2 வாரம் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பையன்களே, சிரிக்காதீர்கள், உங்கள் தலையையும்தான்!

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும்; தோலும் புண்ணாகும்.